அடிவயிற்றுக்கு ஒரு தகடு

"இஞ்சினுல ஒரு கீறல் விழுந்தாலும் வண்டியைத் திரும்பக் கொண்டுபோயிருவாராம், ஆசாரியே. மாமனார் சொன்னா சொன்னதுதான்."

வடசேரிச் சந்தைக்குப் பின்னால் இருந்த கொல்லப்பட்டறையின் வாசலில், மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான் ஜான்ரோஸ். கல்யாணமாகி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. வண்டி, சீதனம். குளச்சலில் கருவாட்டு வியாபாரம் செய்யும் மாமனார் ததேயுஸ், கொழும்பிலிருந்து கப்பலில் வரவழைத்துக் கொடுத்தது.

கொல்லர் சுடலையாண்டி சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"வந்த சத்தமே கேக்கல்லியே, மாப்பிள்ளே?"

"நீரு சம்மட்டி அடிச்சா கோயில் மணியே கேக்காது."

"அதுவும் சரிதான். வீட்டுக்காரி வரல்லியா?"

"லீமா குளத்தங்கரைக்குப் போயிருக்கா. இப்ப வந்திருவா."

சுடலையாண்டி தரையில் படுத்து, வண்டியின் அடியில் தலையை நுழைத்தார்.

"யம்மா! என்னா அடி வாங்கியிருக்கு! எங்கெல்லாம் போனீங்க?"

"எல்லாம் விருந்துக்குத்தான். சிதறால், திருவட்டாறு, சுசீந்திரம், முட்டம்... ஒரு வீட்டை விட்டாலும் சொந்தக்காரங்களுக்குப் பொல்லாப்பு. எல்லாரும் சீதன வண்டியிலதான் வரணும்னு சொல்லுதாவ. ரோட்டுல சல்லிக்கல்லைக் கொட்டினவன் உருளை போட்டு அமுக்காமப் போயிட்டான். திவான் வாற ரோடா இருந்தா அமுக்கியிருப்பான்."

ஞாயிற்றுக்கிழமை ததேயுஸ் வருகிறார். மகளைப் பார்ப்பதற்கு முன் வண்டியைத்தான் பார்ப்பார் என்பதில் ஜான்ரோஸுக்கு ஐயமில்லை. ஆகவே, விழுந்த தழும்புகளைத் தேய்த்து மறைக்க வேண்டும். இனி விழாதிருக்க இஞ்சினுக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு வேண்டும்.

"செய்து தாறேன். வேலை முடிஞ்சதும் எனக்கு இந்த இஞ்சின் சத்தத்தைக் கேக்கணும். பஸ் சத்தம் கேட்டிருக்கேன். இதைக் கிட்ட நின்னு கேட்டதில்ல."

ஜான்ரோஸ் தொண்டையைச் செருமினான். "முதல்ல தகடு முடியட்டும்."

"ஒரு காரியம் பிடிபடல்ல," என்றது அடியிலிருந்து வந்த குரல். "முன்சக்கரம் எறியுற கல்லு நடுவுலல்லா படணும்? இங்க இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை. நடுவுல ஒண்ணுமில்ல."

"சீமை வண்டியாக்கும். அதுக்க குணம் அப்படி."

விடை சுடலையாண்டிக்கு நிறைவளிக்கவில்லை. ஆயினும், தழும்பு இருக்கும் இடம்வரை தகடு நீள வேண்டும் என்னும் விதி அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஓலை நறுக்கால் அளவெடுத்தார். தண்ணீர் இறைக்கும் பழைய இரும்புச் சால் ஒன்றை வெட்டினார்; அதன் வளைவு, இஞ்சினின் அடிவயிற்றுக்கென்றே வார்த்ததுபோல் பொருந்தியது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவை நறுக்கி இருபுறமும் பிடி வைத்தார்.

"காத்து போக எட்டுத் துளை போடட்டா? இஞ்சின் சூடாகும்லா?"

"வேண்டாம். துளை வழியாக் கல்லு போயிரும்."

"அப்ப சூடு?"

"இது சூடாகுற இஞ்சின் இல்ல."

சுடலையாண்டி புகைக்குழலைத் தொட்டுப் பார்த்தார். மண்பானைபோல் குளிர்ந்திருந்தது.

"சீமைக்காரன் கெட்டிக்காரன்தான்," என்றார், உண்மையான மரியாதையுடன். "ஓட்டம் எப்படி?"

"சமதரையில குறை சொல்ல முடியாது. ஏத்தத்துல ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்கும்."

"பஸ்ஸும் அப்படித்தான் வாங்குது."

உச்சி சாய்வதற்குள் தழும்புகள் மறைந்தன, தகடும் ஏறியது. சுடலையாண்டி ஒரு சல்லியை எடுத்து ஓங்கி எறிந்தார். தகடு 'டங்' என்றது. இஞ்சின் ஒன்றும் சொல்லவில்லை.

"இனி உங்க மாமனார் மூக்குக்கண்ணாடி போட்டுத் தேடினாலும் கீறல் கிடைக்காது."

ஜான்ரோஸ் குனிந்து பார்த்தான். இருபத்திரண்டு நாளில் முதன்முறையாக அவன் முகம் மாப்பிள்ளையின் முகமாயிற்று.

"ஆசாரியே, என் மானத்தைக் காப்பாத்திட்டீரு!"

"மானம் இருக்கட்டும். இஞ்சினைக் கிளப்புங்க, மாப்பிள்ளே."

சந்தையிலிருந்து ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சுடலையாண்டி, சத்தத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று கருதியோ என்னவோ, காதில் செருகியிருந்த பீடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"லீமா வராமக் கிளம்ப முடியாது, ஆசாரியே."

லீமா வந்தாள். குளத்தில் தண்ணீர் குடித்து முகம் நனைந்திருந்த இரண்டு மயிலைக் காளைகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றை இடத்திலும் மற்றதை வலத்திலுமாக வண்டிக்கு முன்னால் நிறுத்தி, பழகிய கையால் வடத்தை முன்சக்கரத்துக் கவட்டில் கட்டினாள்.

"அப்ப இஞ்சின் சத்தம்?" என்றார் சுடலையாண்டி.

"நல்ல கதையா இருக்கே!" ஜான்ரோஸ் பதறிப்போனான். "ஒரு கீறல் விழக்கூடாதுன்னு மாமனார் தந்த இஞ்சினை யாராவது ஓடவிட்டுத் தேய்ப்பாவளா, ஆசாரியே?"