காந்தளுக்கு அடை காத்த கோழி

வடிவு வீட்டுத் தொட்டியில் ஒரு செங்காந்தள் கிழங்கு இருந்தது. பூத்து முடிந்து கொடி காய்ந்ததும் அது மண்ணுக்குள் தூங்கப் போனது. வடிவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், தாகமோ என்னவோ" என்று தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள்.

ஐந்தாம் நாள் கிழங்கு, பக்கத்தில் மேய்ந்த பெட்டைக்கோழியைக் கூப்பிட்டது. "அக்கா, மழை வர்ற வரைக்கும் எனக்குத் தண்ணியே ஆகாது. இந்த மகராசி பாசத்தாலேயே என்னை அழுக வெச்சிடுவா. ஏதாவது செய்யேன்!"

அடைக்கோழியை எழுப்ப வடிவுக்குப் பயம் என்று கோழிக்குத் தெரியும். உடனே தொட்டியில் ஏறி, இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

"அடிப்பாவி, உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்ற வடிவு, தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டுப் போனாள்.

சேவல்தான் சிரித்தது. "அடியில ஒரு முட்டைகூட இல்ல. எதைடி பொரிக்கப் போற?"

"உன் வேலையைப் பாருய்யா."

மூன்று வாரம் கழித்து மழை பெய்தது. நாலாம் நாள் அடிவயிற்றில் ஏதோ குத்த, கோழி துள்ளி எழுந்தது. பச்சையாய் ஒரு முளை!

"பொரிச்சிடுச்சு!" என்று கொக்கரித்தது.

சேவல் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தது. "என் பிள்ளைன்னு மட்டும் வெளியில சொல்லிடாத."

முளை கொடியாகி வேலியில் ஏறியது. ஒரு காலையில் சிவப்பும் மஞ்சளுமாய் இதழ்களை மேலே தூக்கிக்கொண்டு பூத்தது. கோழி சேவலை அழைத்து வந்து காட்டியது.

"கொண்டையைப் பாருய்யா. அப்பனை உரிச்சு வெச்சிருக்கு."

சேவல் இரண்டு தரம் சுற்றிப் பார்த்தது. பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"அந்த மஞ்சள் மட்டும் உங்க அம்மா வீட்டு வாகு."