கத்தரி வெட்டிய பிரீமியம்

“சார்... ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்களேன்.”

ஒரு காலைக் காருக்குள் வைத்த ஏஜென்ட் அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார். ஷூவைக் கழற்றச் சொன்ன முதல் ஆள் இவர்தான். பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு என்பது தெரிந்ததுதான். அதற்காக இந்த அளவுக்கா?

சொன்னவர் கார்க்காரர். மழித்த முகம், துவைத்து நீவிய சட்டை. அவருடைய மனைவி செருப்பைக் கீழே ஓரமாக விட்டுவிட்டு வெறுங்காலோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். கார்க்காரர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். ஏஜென்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கால்களை வெளியே தொங்கவிட்டபடி முன் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தார்.

கார் நின்றது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மதிலோரம். மேலே வரிசையாக ஜன்னல்கள்.

“வெயில் கொளுத்துதே. மேல வீட்டுக்குப் போய்ப் பேசலாமா?”

“இங்கயே பேசிக்கலாம் சார்.”

ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள் போலிருக்கிறது என்று ஏஜென்ட் நினைத்துக்கொண்டார். ஆனால் காரைக் குறை சொல்ல முடியாது. நாற்பது வயதுக் காரில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஜன்னல்களுக்குத் திரைகூடத் தைத்துப் போட்டிருந்தார்கள்.

“வண்டிய அருமையா வச்சிருக்கீங்க. தெருவுல நிறுத்துறீங்க பாருங்க, அதான் பிரீமியம் எகிறுது.”

“அவ்வளவு நம்மால முடியாது சார். நாலு கம்பெனி ஏறி இறங்கிட்டேன். பழைய வண்டின்னதுமே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடுறாங்க.” கார்க்காரர் முன் கண்ணாடியைக் காட்டினார். போக்குவரத்துப் போலீஸ் ஒட்டிய மஞ்சள் தாள் அதில் இருந்தது. “திங்கக்கிழமைக்குள்ள இன்சூரன்ஸ் காட்டலன்னா இழுத்துட்டுப் போயிடுவாங்களாம். அப்புறம் நசுக்கி இரும்பாக்கிடுவாங்களாம்.”

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஒரு காருக்காக இவ்வளவு பெரிய மனுஷன் கலங்குவதைப் பார்க்க ஏஜென்ட்டுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

“கோவிச்சுக்காதீங்க. வித்துத் தொலைச்சா என்ன?”

“எடைக்குத்தான் கேக்குறாங்க சார். அதுவுமில்லாம, இத மட்டும் குடுக்க முடியாது.”

ஏஜென்ட்டுக்கு ஆபீஸில் ‘கத்தரி’ என்று பெயர். மலையளவு பிரீமியத்தையும் வெட்டி வெட்டி மடுவாக்கிவிடுவார். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை. இப்போதும் வெட்ட ஆரம்பித்தார்.

“வண்டிக்கு அடிபட்டா வர்ற பணம் வேணுமா?”

“வேண்டாம் சார்.”

“திருட்டுப் போனா?”

“யாராவது ஒருத்தர் எப்பவும் வண்டிகிட்ட இருப்போம் சார். அதுவும் வேண்டாம்.”

கட்டின பெண்டாட்டியைக்கூட யாரும் இப்படிக் காவல் காக்கமாட்டார்கள்! ஏஜென்ட் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

“மாசத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?”

“ஓட்டுறதே இல்ல சார். பெட்ரோல் போட்டே வருஷமாச்சு.”

ஏஜென்ட் நிமிர்ந்தார். “அட, இத மொதல்லயே சொல்ல வேண்டாமா? ஓட்டாத பழைய காருக்குன்னே தனி பாலிசி இருக்குங்க. கால்வாசிப் பிரீமியம்தான்!”

பின் சீட்டிலிருந்த மனைவி சட்டென்று முன்னால் குனிந்தாள். கார்க்காரர் ஏஜென்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். “நெசமாவா சார்?”

“ஒரே ஒரு நிபந்தனை. தெருவுல நிக்கக் கூடாது. பூட்டுன ஷெட்டுக்குள்ள இருக்கணும்.”

பிடித்த கை தளர்ந்தது. “ஷெட்டுக்கு நான் எங்க சார் போவேன்?”

அந்த முகத்தைப் பார்க்க ஏஜென்ட்டுக்குத் தாங்கவில்லை. எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டுப் பழக்கமும் இல்லை. எழுந்து சற்றுத் தள்ளிப் போய் மச்சானுக்குப் போன் போட்டார்.

“சும்மா கிடக்குற ஷெட்டுதானடா? வாடகையா? உங்க அக்காவை வச்சு நான் காலம் தள்ளுறேனே, அதுக்காவது பண்ணுடா!”

பேசி முடித்த கையோடு இன்னொரு இடத்துக்கும் போன் செய்தார். காருக்குத் திரும்பியபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“முடிச்சுட்டேன்! என் மச்சானோட குடோனுக்குப் பின்னாடி ஷெட் இருக்கு. பைசா வாடகை கிடையாது. என் கமிஷனையும் பிரீமியத்துல கழிச்சுக்கிறேன். இழுவை வண்டிக்குச் சொல்லியாச்சு, பக்கத்துலதான் இருக்கானாம், இப்ப வந்துடுவான்.”

கார்க்காரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டார்.

“இனிமே கவலைய விடுங்க. உள்ள விட்டுப் பூட்டி, சாவிய மச்சான் வச்சுப்பான். மாசத்துக்கு ஒருதடவ திறந்து விடுவான், தொடச்சுட்டு வாங்க. மத்தபடி ஒரு ஈ, காக்கா உள்ள போக முடியாது.”

தெருமுனையில் இழுவை வண்டி திரும்பி, கொக்கியை ஆட்டியபடி வந்து நின்றது. டிரைவர் இறங்கிச் சங்கிலியை எடுத்தான். கார்க்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்; பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

பின் சீட்டிலிருந்து அவள்தான் கேட்டாள்.

“அப்போ ராத்திரி நாங்க எங்க சார் படுக்குறது?”