காய்ந்த கரண்டி

சமையலறைச் சுவரிலிருந்த பெட்டி தினமும் காலையில் ஒவ்வொருவர் மூச்சையும் முகர்ந்து, அவரவர் நோய்க்கேற்றபடி கருஞ்சீரக எண்ணெயைக் கரண்டியில் விடும். இன்று மைமூனின் கணவர் இத்ரீஸ் ஊதியும் கரண்டி காய்ந்தே கிடந்தது.

"பாத்தியா, சர்க்கரை ஓடியே போச்சு! இன்னைக்கு இனிக்க இனிக்க வட்டலப்பம் செய்யி புள்ள" என்று துள்ளினார்.

மைமூன் கரண்டியைத் தடவிப் பார்த்தாள்; ஒரு சொட்டுகூட இல்லை. போன மாதம் எதிர்வீட்டு ஹாஜியாரும் இப்படித்தான் தன் வீட்டுக் கரண்டி காய்ந்ததென்று தெருவுக்கே இனிப்புக் கொடுத்தார். அந்த வாரமே அவரை அடக்கம் செய்தார்கள். பிழைக்காதவர்களுக்கு எண்ணெயை வீணாக்கும் பழக்கம் பெட்டிக்கு இல்லை.

"செய்யுறேங்க" என்று தேங்காயை எடுத்தாள்.

அவளுக்குப் பின்னால், எண்ணெய்க் கசப்புக்குத் தினமும் அழும் மகள் சபீனா பெட்டியில் ஊதிவிட்டுக் கைதட்டினாள்.

"உம்மா, வாப்பா மாதிரி எனக்கும் வரல! எனக்கும் சொகமாயிருச்சு!"