காட்டத்திப் பால்

“ரப்பர் மரம் சீவத் தெரியும்னு சொல்லுங்க,” என்றாள் வேலாயி கணவனிடம். “ரப்பர் இல்லாம சண்டை போட முடியாதுலா. ஜப்பான்காரன் உங்கள, போன ஆள் திரும்பாத அந்தச் சயாம் ரயில்பாதைக்கு அனுப்பமாட்டான்.”

கேமரன் மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட மட்டுமே அறிந்த சடையன், லயத்து வீடுகளுக்குப் பின்னால் நின்ற, பால் வடியும் காட்டத்தி மரத்தைச் சீவிச் சீவிப் பழகினான்.

மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில், ரப்பர் தெரிந்தவர்கள் யாரென்று கங்காணி கேட்டதும் முதலில் கைதூக்கினான்.

“அப்ப லாரியில ஏறு. சயாமுக்கு.”

வேலாயி ஓடிவந்தாள். “ரப்பர்காரங்களயா அனுப்புறீங்க?”

“ரப்பர் வாங்குன சீமையெல்லாம் இப்ப எதிரி நாடு, தாயி. ஜப்பான்காரனுக்குக் கொஞ்சம் போதும். மிச்ச ரப்பர்காரனுக்கு வேலை ஏது? தேயிலையாளுங்க இங்கயே மரவள்ளி நடணுமாம்.”

“இவருக்குச் சீவவே தெரியாதுங்க.”

கங்காணி சடையனின் கையைத் திருப்பிப் பார்த்தார். விரலெல்லாம் மரப்பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

“ஏறுப்பா,” என்றார்.