நூற்றுக்கு நாற்பது

எட்டாம் வகுப்பு அறிவியலில் ரெபேக்காள் நூற்றுக்கு நாற்பது எடுப்பாள் என்று பள்ளி திறந்த அன்றே கணினி கணித்திருந்தது. கணிப்பைத் தாண்டுகிறவர்களைக் காப்பியடித்ததாகச் சொல்லிப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவள் அண்ணனை அப்படித்தான் நீக்கினார்கள்.

முழுஆண்டுத் தேர்வு முடியச் சிறிது நேரமே இருந்தது. புஷ்பலதா டீச்சர் அவள் விடைத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“எல்லாத்தையும் சரியா எழுதி வச்சிருக்கியே பிள்ள. பாதிக்கு மேல அடிச்சிரு.”

“அடர்த்திக் கணக்கு மட்டும் இருக்கட்டும் டீச்சர். நானா யோசிச்சுப் போட்டது.”

“அதுக்குத்தான் மார்க்கு கூட.”

ரெபேக்காள் அந்தக் கணக்கின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

“அடுத்த வருசக் கணிப்பும் இந்த மார்க்க வச்சுத்தான வரும் டீச்சர்?”

“ஆமா,” என்றார் டீச்சர். “உள்ள இருக்கிற எழுத்து தெரியாம அடி.”