சுரங்க மாதாவின் பிசாசுகள்

"நீதாண்டி என்னைப் போட்டுக் கொடுத்திருக்க!"

சுல்மா போட்ட சத்தத்தில், குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த யோவனா திடுக்கிட்டுத் திரும்பினாள். சாம்பல் புதன் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். இருவர் நெற்றியிலும் சாம்பல் சிலுவை இன்னும் அழியவில்லை.

"என்னடி உளர்ற? யார்கிட்ட, என்னத்தை?"

"மதர்கிட்டதான்! சனிக்கிழமை ஊர்வலத்துல நான் ஆடினது அவங்களுக்கு அக்குவேறு ஆணிவேறா தெரிஞ்சிருக்கு. பூசை முடிஞ்சதும் ஓரமா கூப்பிட்டுக் கேட்டாங்க."

யோவனாவின் முகம் வெளுத்தது. அதைப் பார்த்ததும் சுல்மாவின் சந்தேகம் இன்னும் இறுகியது.

தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் சனிக்கிழமை வந்தால், சுரங்கத் தொழிலாளிகள் நிறைந்த ஒரூரோ ஊரே பிசாசு வேடம் கட்டி, அவர்களைக் காக்கும் சுரங்க மாதாவின் கோயில் வரைக்கும் ஆடிக்கொண்டு போகும். ஆடாத வீடு கிடையாது. கன்னியர்கள் நடத்தும் இந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மட்டும் அதற்குத் தடை. ஆடியது தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல்வர் மதர் ஹெர்மினியாவிடம் அழுகையும் எடுபடாது, சிபாரிசும் எடுபடாது. சந்தையில் சோளக் கஞ்சி விற்றுப் படிக்க வைக்கும் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? கடைசி வருடம் வேறு.

"வீட்டுல இருந்தேன் மதர்னு சொன்னேன். அதுக்கு என்ன கேட்டாங்க தெரியுமா? 'பெரிய தெரு முனையில இடறி விழப்போனியே, அது உங்க வீட்டு அடுப்படியா?'ங்கிறாங்க!"

"யாராவது பார்த்திருப்பாங்கடி..."

"கொம்பு வெச்ச முகமூடிக்குள்ள யாரு, எவருன்னு எப்படித் தெரியும்? சரி, இடறினதைப் பார்த்தாங்கன்னே வெச்சுக்குவோம். அப்போ நான் முகமூடிக்குள்ள முனகின கெட்ட வார்த்தை? அதையும் சொல்லிக் காட்டுறாங்க. அந்த பேண்டு சத்தத்துல, ஒட்டி ஆடினவ காதைத் தவிர வேற யார் காதுல விழும்? ஒட்டி ஆடினது யாரு? நீ!"

யோவனா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கே எனக்கு உறுத்திச்சு. நாம பேசி வெச்ச அதே வேஷத்துல, லேட்டா வந்தே. வந்ததும் ஒரு வார்த்தை பேசாம வரிசையில நுழைஞ்சே. கோயில் வாசல்ல திரும்பிப் பார்த்தா ஆளையே காணோம். விடுதிக்கு ஓடினியா, மதர்கிட்ட ஒப்பிக்க?"

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலை, சுல்மா."

"அப்போ எங்கடி போனே?"

"அதைச் சொல்ல முடியாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஓகோ! சத்தியம் வேறயா? யார்கிட்ட?"

யோவனாவின் கண்கள் நிறைந்துவிட்டன. வகுப்பறைப் பக்கம் நடந்தாள். மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளை அந்த நிமிடம் சுல்மா அடியோடு வெறுத்தாள்.

பத்து நிமிடத்தில் மதரிடமிருந்து அழைப்பு வந்தது.

மேசைக்குப் பின்னால் மதர் ஹெர்மினியா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகம் சிரித்து இந்தக் கல்லூரியில் பார்த்தவர்கள் இல்லை.

"இன்னமும் வீட்டுலதான் இருந்தேன்னு சொல்லப் போறியா?"

இனி மறைத்துப் பயனில்லை. "ஆடினேன் மதர். அம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணினப்ப, பிழைச்சா மூணு வருஷம் ஆடுறேன்னு மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். இது ரெண்டாவது வருஷம். பாதியில விட்டா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம்."

"நேர்ந்துக்கிட்டவ மாதாவைப் பார்க்காம வாசலோட ஏன் திரும்பினே?"

அடிப்பாவி, இதையும் சொல்லிவிட்டாளா!

"உள்ளே போனா முகமூடியைக் கழற்றணும் மதர். யாராவது பார்த்துட்டா..."

மதர் மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டார். அடுத்த கேள்வி கொஞ்சம் தயங்கித்தான் வந்தது.

"உன் பக்கத்துல ஆடினது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

சுல்மாவுக்குள் எரிந்துகொண்டிருந்தது குபீரென்று பொங்கியது. என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டு அவள் மட்டும் நல்லபிள்ளையாக இருப்பாளா?

"தெரியாம என்ன மதர்? யோவனா! வழி நெடுக என்கூட ஆடினது அவதான். அனுப்புறதா இருந்தா அவளையும் அனுப்புங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கு கூசியது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

மதர் மேசைமேல் முன்னால் சாய்ந்தார். "நாளைக்கு ஆட்சிக்குழுகிட்டயும் இதையே சொல்லுவே, இல்ல?"

"சத்தியமா சொல்லுவேன்."

"செய்யாத குத்தத்துக்கு அந்தப் பொண்ணு போகக் கூடாது" என்றார் மதர். "யோவனா ஆடலை."

"மதர், நான் என் கண்ணால..."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேஷத்துணிப் பையோட பின்வாசல்ல நழுவப் பார்த்தா. பிடிச்சுட்டேன். பையைப் பிடுங்கிட்டேன். சனிக்கிழமை பூரா விடுதியை விட்டு அவ வெளியே கால் வைக்கலை. இதைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு சிலுவை மேல சத்தியம் வாங்கினதும் நான்தான்."

குழாயடியில் நிறைந்த அந்தக் கண்கள் சுல்மாவின் முன்னால் வந்து நின்றன.

"அப்போ... அந்த வேஷத்துல... என் பக்கத்துல ஆடினது?"

மதர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டுத் திரும்பியபோதுதான் சுல்மா பார்த்தாள்: மதர் நொண்டி நடந்தார். செருப்புக்கு மேலே இரண்டு குதிகாலிலும் கட்டுப் போட்டிருந்தது.

"மடத்துல சேர்றதுக்கு முன்னாடி, நானும் மாதாவுக்கு மூணு வருஷம் நேர்ந்துக்கிட்டவதான்" என்றார் மதர், குரலைத் தாழ்த்தி. "ரெண்டு வருஷம்தான் ஆடியிருந்தேன்."