விஷமம்

"அம்மிணி, இன்னைக்காவது வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசோணும்," என்றார் துரைசுவாமி.

மருதாத்தாள் தலையை மட்டும் அசைத்தாள். கேரள எல்லையோர வேலந்தாவளத்தில் மாட்டுத்தீவன நிறுவனம் ஒன்றில் அவள் கணக்கர். அவர் விற்பனை மேலாளர். மாட்டுச் சந்தையில் தமிழிலும் மலையாளத்திலும் பேரம் பேசிப் பழுத்த நா அவருடையது.

சென்ற மாதக் கூட்டத்தில் மலையாளத்தில் கணக்கு வாசித்தபோது அவளுக்குச் சொல் இடறியது. யாரோ அதை ஒளிந்து பதிவு செய்து, இடையிடையே கன்று கத்தும் ஓசையைச் சேர்த்துக் கைபேசிகளில் உலவவிட்டார்கள். அலுவலகமே சிரித்தது. நாணம் அவள் நாவைப் பூட்டிவிட்டது. துரைசுவாமி மட்டும் அதை யாரேனும் ஒலிக்கவிட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அதனாலேயே அவரைத் தன் உடன்பிறந்தவராக எண்ணினாள்.

ஊழியரின் மனநலத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் என்று நிர்வாகம் இணையவழி வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்தது. இதிலும் பேச வராவிட்டால் வேலையை விட்டுவிடப் போவதாக அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தம் கணினி முன்னேயே அவளுக்கும் ஓர் இருக்கை போட்டுக் கொடுத்தார் அவர்.

திரையில் அலுவலகத்தார் முகங்கள் நிறைந்தன. எர்ணாகுளத்திலிருந்து பேசிய ஆலோசகர் லிஜி, இவர்களுக்காகத் தமிழை முயன்று பேசினார். மருதாத்தாளின் மனத்தில் இருப்பதைச் சொல்லும்படி கனிவோடு கேட்டார். அவள் உதடு அசைந்தது, ஒலி எழவில்லை. கண்கள் நிறைந்தன.

லிஜியின் பார்வை அருகிலிருந்தவர்மேல் நின்றது. "மருதாத்தாளோட காரியத்துல சாருக்கு உள்ளுக்குள்ள விஷமம் உண்டு, இல்லே? முகம் பார்த்தாலே தெரியுது."

அத்தனை முகங்களுக்கும் முன்னால் துரைசுவாமியின் கைகள் தாமே குவிந்தன.

"ஆமாங்க மேடம். நாந்தானுங்க அதைப் பதிவு பண்ணி உட்டது. வெளையாட்டுக்குத்தானுங்க செஞ்சேன்... இத்தன தூரம் போகும்னு நெனைக்கலீங்க."

லிஜி திகைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதாத்தாள் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"மலையாளத்துல விஷமம்னா மனவருத்தம்னு உங்களுக்குத் தெரியாதுங்களாண்ணா?" என்றாள், ஒரு சொல்லும் இடறாமல். "உங்களுக்கும் வருத்தமான்னுதான் அவங்க கேட்டாங்க."